இரண்டு கோஷ்டிகளும் இம்பால் மலைகளும்

சென்னையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகிறவர்கள் குமணன்சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். இப்போது அங்கே தலைக்கு மேலே மெட்ரோ ரயில் பாலம். கீழே பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் மனிதர் ஒதுங்கவும் இடமில்லாத சந்தடி. அந்தச் சந்தடியில் நின்று ஊரின் பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதிர மலைக்கு உடைய குமண வள்ளல் நினைவுக்கு வரவில்லையா? இந்த ஊருக்கும் அந்த வள்ளலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் என்னைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். பெயர்ப் பொருத்தம் ஒன்றே எனக்குப் போதும். தம்பி இளங்குமணன் நாட்டைப் பறித்துக் கொண்டான். அண்ணன் காட்டுக்குப் போனான். அண்ணனுடைய தலைக்குத் தம்பி விலை வைத்தான். யாசிக்க வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாமல், தன் தலையைக் கொய்து கொண்டுபோய் அந்த விலையைப் பெற்றுக் கொள்ளும்படி வாளை நீட்டினான் குமணன். வாளை மட்டும் வாங்கிக் கொண்டு புலவர் தம்பியிடம் சென்றார் என்பது கதை.

ஒரு வீட்டுச் சண்டை ஒரு புலவரால் தீர்ந்தது. புலவர் யாரும் நடுவே வராமல் போன மற்றொரு வீட்டுச் சண்டையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். அது நடந்த வீடு ஜப்பானியச் சேனை. "அவர்கள் வீட்டுச் சண்டை நமக்கு எதற்கு?" என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

1942-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சென்னைப் பட்டணம் காலியாகிக் கொண்டிருந்தது. 5-ம் தேதி கொழும்பில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் போட்டார்கள். அடுத்தது நாம்தான் என்று எல்லோரும் எண்ணினார்கள். சர்க்கார் காரியாலயங்கள் உள்நாட்டுக்கு மூட்டை கட்டின. நம்முடைய பாட்டனார்களும் பாட்டிமார்களும் பித்தளைப் பாத்திரங்களையும் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றிக் கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். ஒரே மனம், ஒரே சொல், ஒரே உடம்பாக ஒரு மகா சேனை கடல் கடந்து வருகிறது என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தது. உண்மை என்னவென்றால், அந்தச் சேனைக்குள் பத்து வருஷமாக ஒரு பங்காளிக் காய்ச்சல் எரிந்து கொண்டிருந்தது. அந்தக் காய்ச்சலில் வளர்ந்த ஒரு மனிதர்தான் இரண்டு வருஷம் கழித்து இந்தியாவின் கிழக்கு வாசலுக்கு வந்தார். அவர் பெயர் ரென்யா முட்டாகுச்சி. தமிழ்க் காதுக்குப் பெயர் சிறிது விகடமாக ஒலிக்கலாம். ஆனால் அவர் செய்த காரியத்தில் விகடம் ஏதும் இல்லை.

முட்டாகுச்சி 1888-ல் ஸாகா என்னும் பிரதேசத்தில் பிறந்தவர். 1910-ல் ராணுவப் பள்ளியில் தேறினார். 1917-ல் உயர்தர ராணுவக் கலாசாலையிலும் தேறினார். அதன் பிறகு பெரும்பாலும் காரியாலய உத்தியோகம். 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் ஜப்பானிய சேனை இரண்டு கோஷ்டிகளாகப் பிரிந்தது. ஒன்று 'கோடோஹா', அதாவது சக்கரவர்த்தி மார்க்கக் கோஷ்டி. பணக்காரரும் மந்திரிகளும் சக்கரவர்த்தியை மறைத்து நிற்கிறார்கள், அவர்களை வாளால் விலக்கி விட்டால் நாடு சுத்தமாகிவிடும், ஆத்ம பலம் இருந்தால் பீரங்கி குறைவாக இருந்தாலும் பாதகமில்லை என்பது அவர்கள் சித்தாந்தம். யுத்த மந்திரி அராக்கியும் ஜெனரல் மஸாக்கியும் இதற்குத் தலைவர்கள். மஸாக்கியும் ஸாகாக்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். சொந்த ஊர்ப் பாசம் நம் நாட்டுச் சரக்கு மட்டுமல்ல. மற்றொன்று 'டோஸெய்ஹா', கட்டுப்பாட்டுக் கோஷ்டி. வரப்போகும் யுத்தம் தொழிற்சாலைகளின் யுத்தம், அதற்கு ரயிலும் எஃகும் எண்ணெயும் கணக்கும் வேண்டும், வாலிப அதிகாரிகள் வாயை மூடிக் கொண்டு மேலிட உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது இவர்கள் கட்சி. இவர்களுடைய மூளை நாகாட்டா டெட்ஸுஸான். பின்னால் உலகமெல்லாம் பெயர் தெரிந்த டோஜோவும் இந்தக் கோஷ்டிதான். ஆக, சமாதானப் பிரியர்கள் என்று சொல்ல இரண்டு பக்கத்திலும் ஆளில்லை. யுத்தத்தை எப்படி நடத்துவது என்பதில்தான் சண்டை.

1935 ஜூலையில் மஸாக்கியைப் பதவியிலிருந்து விலக்கினார்கள். அடுத்த மாதம் 12-ம் தேதி அய்ஸாவா என்ற லெப்டினண்ட் கர்னல், யுத்த மந்திரி காரியாலயத்துக்குள் பட்டப் பகலில் நுழைந்து, மேஜை முன் உட்கார்ந்திருந்த நாகாட்டாவை வாளால் வெட்டிக் கொன்றார். ஆறு மாதம் கழித்து, 1936 பிப்ரவரி 26-ம் தேதி விடியுமுன், பனி மூடிய டோக்கியோவில் ஏறக்குறைய 1,500 சிப்பாய்களுடன் வாலிப அதிகாரிகள் கிளம்பினார்கள். பொக்கிஷ மந்திரி டக்காஹாஷியைப் படுக்கையிலேயே கொன்றார்கள். முன்னாள் பிரதம மந்திரி ஸைட்டோவைக் கொன்றார்கள். மஸாக்கியின் ஸ்தானத்துக்கு வந்திருந்த வாட்டனாபேயையும் விடவில்லை. பிரதம மந்திரி ஒக்காடா என்று நினைத்து அவருடைய மைத்துனரைச் சுட்டுவிட்டுப் போனார்கள். ஒக்காடா ஒளிந்திருந்து தப்பினார். எல்லாம் சக்கரவர்த்தியின் பெயரால் நடந்தது. சக்கரவர்த்தியோ கோபம் கொண்டு, கலகத்தை உடனே அடக்கும்படி கட்டளையிட்டார். நான்காம் நாள் எல்லாம் அடங்கிற்று. தலைவர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வெற்றி பெற்ற கோஷ்டி வீடு பெருக்கத் தொடங்கிற்று.

சக்கரவர்த்தி மார்க்கத்தாரோடு சேர்ந்தவர் என்று பெயர் பெற்ற அதிகாரிகளெல்லாம் தலைநகரிலிருந்து தூரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பிற்காலத்தில் மலாயாவை ஜயித்த யமாஷிட்டாவைக் கொரியாவுக்கு அனுப்பினார்கள். சேனைத் தலைமைக் காரியாலயத்தில் ஒரு பிரிவின் தலைவராக இருந்த கர்னல் முட்டாகுச்சியைச் சீனாவிலே பீக்கிங் நகருக்கு, அங்கிருந்த ஜப்பானியப் படையின் தலைவராக அனுப்பினார்கள். நம் ஊர்ப் பாஷையில் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றம்! கலகம் செய்யக் கூடியவரைத் தூரத்தில் வைத்தால் வீடு சுத்தமாக இருக்கும் என்று எண்ணினார்கள். அயல்வீட்டு ஓலைக் கூரைப் பக்கமாகவே கொள்ளியை எடுத்து எறிகிறோம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

1937 ஜூலை 7-ம் தேதி இரவு பீக்கிங் அருகே, மார்க்கோ போலோ பாலம் என்று வெள்ளைக்காரர் பெயரிட்ட பழைய கல் பாலத்தின் பக்கத்தில், முட்டாகுச்சியின் சிப்பாய்கள் ராப் பயிற்சி செய்து கொண்டிருந்தார்கள். இருட்டில் சில வெடிகள் கேட்டன. கணக்கெடுத்தபோது ஒரு சிப்பாயைக் காணோம். காணாமற்போன மனிதன் சிறிது நேரத்திற்கெல்லாம் தானே வந்து சேர்ந்துவிட்டான்! ஆனால் அதற்குள் கௌரவப் பிரச்னை கிளம்பிவிட்டது. மறுநாள் விடியற்காலையில், தாக்கலாம் என்று டெலிபோனில் உத்தரவு கொடுத்தவர் முட்டாகுச்சி. அவருக்கு மேல் அதிகாரியாக இருந்த கவாபே அதைத் தடுக்கவில்லை. இந்தக் கவாபேயின் பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். அன்று தொடங்கிய சண்டை எட்டு வருஷ மகா யுத்தமாயிற்று. லட்சக் கணக்கில் சீனர் மாண்டார்கள்.

முட்டாகுச்சியின் மனத்தில் அந்த இரவு ஒரு முள்ளாகத் தங்கிவிட்டது. "இந்த யுத்தத்தை ஆரம்பித்து வைத்தவன் நான், இதை வெற்றியாக முடித்து வைக்க வேண்டியவனும் நானே" என்ற கருத்தில் அவர் பின்னால் பலரிடம் பேசியிருக்கிறார். இதைப் பச்சாத்தாபம் என்று சொல்வதா, அகங்காரம் என்று சொல்வதா? இரண்டும் ஒரே மனிதனுக்குள் கூட்டுக் குடித்தனம் செய்ய முடியும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1942 பிப்ரவரி 8-ம் தேதி இரவு ஸிங்கப்பூர்த் தீவின் மீது பாய்ந்த படைகளில் அவருடைய 18-வது டிவிஷனும் ஒன்று. அதற்கு மேல் அதிகாரி யமாஷிட்டா. ஆறு வருஷத்துக்கு முன் கொரியாவுக்கும் சீனாவுக்கும் விரட்டப்பட்ட இருவரும், பிரிட்டிஷாரின் அசைக்க முடியாத கோட்டை என்று பெயர் வாங்கிய இடத்தில் சந்தித்தார்கள். 15-ம் தேதி கோட்டை விழுந்தது. இரண்டு நாள் கழித்து பாரர் பார்க் மைதானத்தில் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியர் காப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கே தொடங்குகிறது. அதற்குப் பிறகு யமாஷிட்டாவை டோஜோ மஞ்சூரியாவுக்கு அனுப்பிவிட்டார்; வெற்றி வீரர் டோக்கியோ வழியாகப் போகக் கூட அனுமதி இல்லை. பழைய காய்ச்சல் தணியவில்லை!

முட்டாகுச்சி பர்மாவுக்கு வந்தார். அஸ்ஸாமின் மீது படையெடுக்கலாமா என்று 1942-ல் கேட்டபோது, அந்த மலைகளையும் காடுகளையும் கடந்து ஒரு சேனைக்குச் சோறு போட முடியாது என்று சொன்னவர் இவரேதான். அடுத்த வருஷம் ஆரம்பத்தில் பிரிட்டிஷ் தளகர்த்தர் விங்கேட் சிறு படை ஒன்றுடன் அதே மலைகளைக் கடந்து பர்மாவுக்குள் புகுந்து திரும்பினார். "அவனால் முடிந்தது என்னால் முடியாதா?" என்று முட்டாகுச்சி அப்படியே மாறிப் போனார். 1943 மார்ச்சில் அவர் 15-வது சேனையின் தலைவரானார். அவருக்கு மேல் பர்மா முழுவதற்கும் அதிபதியாக வந்தவர் யார்? பீக்கிங் பாலத்துச் சண்டையைத் தடுக்காமலிருந்த கவாபே! திட்டம் நடக்காது என்று வாதித்த ஒபாட்டா என்ற பிரதம உதவி அதிகாரியை இரண்டே மாதத்தில் வேலையிலிருந்து நீக்கினார்கள். மற்றவர்கள் வாயை மூடிக் கொண்டார்கள்.

டோக்கியோவில் அந்தத் திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தவர் டோஜோ. கட்டுப்பாட்டுக் கோஷ்டித் தலைவர் சக்கரவர்த்தி மார்க்கத்தாருக்கு எப்படிச் சம்மதம் கொடுத்தார்? கோஷ்டிப் பிரிவு ஒன்றையே வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்பதற்கு இது அத்தாட்சி. பசிபிக் சமுத்திரத்தில் தோல்வி மேல் தோல்வி. எங்காவது ஒரு வெற்றி வந்தால் தேவலை என்ற நிலைமை. சம்மதம் கேட்க வந்த அதிகாரிக்கு டோஜோ குளியலறையிலிருந்தபடியே பதில் கொடுத்தார் என்று சொல்வார்கள். "சாப்பாட்டுக்கு ஏற்பாடு இருக்கிறதா?" என்று கேட்டாராம். இருக்கிறது என்று பதில் வந்ததாம்.

ஏற்பாடு என்னவென்று கேளுங்கள். சிப்பாய்கள் மூன்று வாரத்துச் சாப்பாட்டை முதுகில் சுமக்க வேண்டும். மூன்று வாரத்தில் இம்பால் விழும். பிறகு பிரிட்டிஷாரின் கிடங்குகளில் சாப்பிடலாம். பற்றாக்குறைக்கு ஆயிரக் கணக்கான மாடுகளைக் கூடவே ஓட்டிப் போவது. சாமான் சுமந்த பிறகு அவையே உணவு. செங்கிஸ்கான் இப்படித்தான் செய்தான் என்றார் முட்டாகுச்சி. செங்கிஸ்கான் போனது புல்வெளியில் என்பதைச் சொல்லப் பக்கத்தில் யாரும் துணியவில்லை போலும். சிந்துவின் ஆற்றைக் கடக்கும்போதே ஏராளமான மாடுகள் வெள்ளத்தில் போயின. மிச்சம் மலைச் சரிவில் உருண்டன.

இந்த யாத்திரைக்கு மூன்று டிவிஷன்கள். வடக்கே கோஹிமாவுக்குப் போக வேண்டிய 31-வது டிவிஷனின் தலைவர் ஸாட்டோ கோட்டோகு. இவர் கட்டுப்பாட்டுக் கோஷ்டியைச் சேர்ந்தவர். கோஷ்டிச் சண்டை உச்சத்தில் இருந்த நாளிலேயே டோக்கியோ காரியாலயத்தில் முட்டாகுச்சிக்கும் இவருக்கும் ஆகாது. கோழை என்று சொல்ல வழியில்லை. 1938-ல் ருஷ்யர்களோடு சாங்குபெங் குன்றின் மீது நேருக்கு நேர் போராடியவர். புறப்படுமுன் தம் அதிகாரிகளைக் கூட்டி, அதிசயம் ஏதாவது நடந்தாலொழிய நம்மில் பலர் உயிருடன் திரும்பப் போவதில்லை, குண்டால் மட்டுமல்ல, பட்டினியாலும் சாகத் தயாராக இருங்கள் என்ற பொருள்பட அவர் பேசினார். பரஸ்பரம் நம்பிக்கை இல்லாத இரண்டு பேர், நடுவே மலைகளும் அறுந்த பாதைகளும் கொண்டு, தந்தியில் மட்டும் பேசிக் கொண்டு ஒரு யுத்தத்தை நடத்தப் போனார்கள்.

இனி நம்மவர் சங்கதிக்கு வருகிறேன். 1944 ஜனவரியில் நேதாஜி ஸுபாஷ் சந்திர போஸ் தம்முடைய தலைமைக் காரியாலயத்தை ரங்கூனுக்கு மாற்றினார். அவருக்கு வேண்டியிருந்தது இந்திய மண்ணில் ஓர் அடி. அந்த அடியை வைத்துவிட்டால் மற்றதை ஜனங்கள் பார்த்துக் கொள்வார்கள் என்று அவர் நம்பினார். அதற்காக அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அந்த அடி யாருடைய தோளின் மீது நின்று வைக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. போர்முனைக்குச் சென்ற முதல் டிவிஷனில் பெரும்பாலோர் பழைய இந்தியச் சேனைச் சிப்பாய்கள். அவர்களுக்குப் பின்னால் மலாயாத் தமிழர்கள் நின்றார்கள். ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் பெயர் கொடுத்துப் பயிற்சிக்குச் சென்றார்கள். பெண்கள் தாலியைத் தவிர மற்ற நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள், சிலர் தாலியையும் கொடுத்தார்கள். சென்னை டாக்டர் லக்ஷ்மி சுவாமிநாதன் நடத்திய ஜான்ஸி ராணிப் படையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் அநேகம் பேர்.

வேறு விதமாகவும் தமிழர்கள் அந்த யுத்தத்துக்குக் கொடுத்தார்கள். பர்மாவிலிருந்த சேனைக்குச் சாமான் அனுப்புவதற்காகவே ஜப்பானியர் சயாமிலிருந்து காட்டை வெட்டி 415 கிலோ மீட்டர் ரயில் பாதை போட்டார்கள். 1943 அக்டோபரில் அது முடிந்தது. வெள்ளைக்காரக் கைதிகள் அங்கே பட்ட பாட்டைச் சினிமா எடுத்து உலகம் அறிந்து கொண்டது. அந்தக் கைதிகளைவிட அதிகமாக மாண்டவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக் கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கணக்கும் இல்லை. இத்தனை உயிரைக் கொட்டிப் போட்ட பாதை முடிகிற இடத்துக்கு அப்பால், போர்முனை வரையில் ஒரு மூட்டை அரிசியை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதைத்தான் முட்டாகுச்சி செங்கிஸ்கானிடம் விட்டுவிட்டார்.

1944 மார்ச்சில் படைகள் எல்லையைக் கடந்தன. ஏப்ரல் 14-ம் தேதி மணிப்பூரில் மொய்ராங் என்னுமிடத்தில் ஷௌகத் மாலிக் மூவர்ணக் கொடியை ஏற்றினார். அந்த ஒரு நாளுக்காக எதையும் மன்னிக்கலாம் போல் இருக்கிறது! ஏப்ரல் 4-ல் ஸாட்டோவின் படை கோஹிமாவை வளைத்தது. டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்தில் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்று வாரக் கணக்கில் போராடினார்கள். அப்பால் திமாப்பூரில் பிரிட்டிஷாரின் பிரம்மாண்டமான கிடங்கு இருந்தது. அங்கே பாய வேண்டும் என்று முட்டாகுச்சி உத்தரவிட்டார். மேலே இருந்த கவாபே அதை ரத்துச் செய்தார். அதற்குள் பிரிட்டிஷார் ஆகாய விமானத்தில் சோறும் தண்ணீரும் குண்டும் ஆட்களும் இறக்கிக் கொண்டே இருந்தார்கள். மூன்று வாரம் ஐந்து, ஏழு, பத்து என்று வளர்ந்தது. மழை பிடித்துக் கொண்டது.

முட்டாகுச்சி முதலில் மேமியோ என்னும் குளிர்ந்த மலை நகரில் இருந்து கொண்டு தந்தி கொடுத்தார். ஸாட்டோ அரிசி கேட்டார்; ஊக்கம் வந்தது. குண்டு கேட்டார், ஊக்கம் வந்தது. புறப்பட்ட நாள் முதல் பின்னாலிருந்து சாமான் அநேகமாக ஒன்றும் வரவில்லை. மே மாதக் கடைசியில், ஜூன் 1-ம் தேதிக்குள் உணவு கிடைக்கும் இடத்துக்குப் பின்வாங்குகிறேன் என்று ஸாட்டோ தந்தி அடித்தார். சாமான் இல்லை என்பதையெல்லாம் ஒரு காரணமாகச் சொல்லலாமா என்று பதில் வந்தது. ஸாட்டோ உத்தரவை மீறிப் பின்வாங்கினார். ஜப்பானிய சேனையின் சரித்திரத்தில் ஒரு டிவிஷன் தலைவர் இப்படிச் செய்தது கிடையாது. அதைத் தைரியம் என்பதா, துரோகம் என்பதா என்று ஜப்பானில் வெகுகாலம் விவாதித்தார்கள். சிப்பாய்களைப் பெற்ற தாய்மாரைக் கேட்டிருந்தால் விவாதம் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

முட்டாகுச்சி மே மாதம் முதல் ஜூலை வரையில் மூன்று டிவிஷன் தலைவர்களையும் ஒருவர் பின் ஒருவராக வேலையிலிருந்து நீக்கினார். யானாகிடாவும் யமௌச்சியும் கோஷ்டிக்காரர்கள் என்று சொல்வதற்கில்லை. 'முடியாது' என்ற சொல்லை வாயால் சொன்னதே அவர்கள் குற்றம். யமௌச்சி அப்போதே கடும் நோயாளி, ஆகஸ்டில் இறந்தார்.

ஜூன் 6-ம் தேதி கவாபே நேரில் வந்தார். பீக்கிங் பாலத்து நாள் முதல் பழகிய இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். இருவருக்கும் தோல்வி தெரியும். 'நிறுத்தலாம்' என்று முதலில் சொல்பவன் தோற்றவன் ஆகிறான். தாம் வாயால் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்து அவர் தெரிந்து கொள்வார் என்று எதிர்பார்த்தேன் என்று முட்டாகுச்சி பின்னால் கூறினார். முகம் பார்த்துக் காலம் கழித்து, நிறுத்தும்படி உத்தரவு வரும்போது ஜூலை ஆகிவிட்டது. அந்த ஒரு மாதத்தில் மழையில் நனைந்து, பசித்து, வயிற்றுக் கடுப்பில் விழுந்தவர்கள்தாம் எத்தனை பேர்! பின்வாங்கிய பாதைக்கு ஜப்பானியச் சிப்பாய்களே 'வெள்ளெலும்புச் சாலை' என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானியரில் சுமார் 30,000 பேர் இறந்ததாகக் கணக்கு. தேசிய ராணுவத்தார் ஏறக்குறைய 6,000 பேர் போனார்கள். திரும்பியவர்கள் 2,600 அளவே. குண்டு பட்டு இறந்தவர்களைப் போலப் பல மடங்கு பேரைப் பசியும் நோயும் கொன்றன.

ஸாட்டோ ராணுவக் கோர்ட்டு விசாரணையைத் தாமே விரும்பினார். குற்றவாளிக் கூண்டில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அவருடைய எண்ணம். அந்தப் பாக்கியத்தை அவருக்குக் கொடுப்பார்களா? வைத்தியர்களை விட்டுப் பரிசோதித்து, மூளை சரியில்லை என்று தீர்ப்பெழுதிவிட்டார்கள். ஜப்பானிய சேனையில் அப்போது சோறு கேட்பது சித்தப் பிரமையின் அறிகுறி என்றாயிற்று.

முட்டாகுச்சியையும் ஆகஸ்டில் நீக்கினார்கள். ஆனால் 1945 ஜனவரியில் அவரை மறுபடி அழைத்து, இளம் மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சி கொடுக்கும் பள்ளிக்குத் தலைவர் ஆக்கினார்கள்! யுத்தம் முடிந்ததும் பிடிபட்டு, ஸிங்கப்பூரில் காவலில் இருந்து, 1948-ல் விடுதலையாகி ஊர் திரும்பினார். சில வருஷம் தலைகுனிந்து மௌனமாகவே இருந்தார். 1962-ல் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. திமாப்பூருக்குப் பாய்ந்திருந்தால் உங்கள் திட்டம் பலித்திருக்கலாம் என்பது அதன் சாரம். கிழவருக்குப் புத்துயிர் வந்துவிட்டது. அன்று முதல், குற்றம் தம்முடையதல்ல, உத்தரவைக் கேட்காத கீழ் அதிகாரிகளுடையது என்று கேட்டவரிடமும் கேளாதவரிடமும் சொல்லத் தொடங்கினார். 1966 ஆகஸ்டில் அவர் காலமானபோது, மரண ஊர்வலத்துக்கு வந்தவர்கள் கையில், தம் கட்சியை விளக்கி அவர் தயாரித்திருந்த துண்டுப் பிரசுரங்களைக் கொடுத்தார்கள்.

மறு கட்சியைச் சொல்ல ஆளில்லை. ஸாட்டோ 1959-லேயே இறந்து போயிருந்தார். கோஹிமாவிலிருந்து உயிரோடு திரும்பிய சிப்பாய்கள் சேர்ந்து ஷிக்கோக்கு தீவில் அவருக்கு ஒரு நினைவுக் கல் நாட்டியிருக்கிறார்கள்.